ரத்தத்தில் இருப்பதும் தட்டில் இருப்பதும்

யங்கூனில் எந்தத் தமிழ்க் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், ரசம் வருவதற்குள் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிடுவார்: "கணக்குங்கிறது நம்மாளுங்க ரத்தத்துலயே ஓடுது தம்பி." சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். மொகல் தெருவில் வரிசையாக இருந்த செட்டியார் வட்டிக் கடைகள், விரலை மடக்காமலே வட்டி சொன்ன மேலாட்கள் என்று பேச்சு நீளும். மோர் வருகிற நேரத்தில் அதே வாயிலிருந்து இன்னொன்று வரும். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். "எங்க தாத்தா துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. நமக்கெல்லாம் எங்க இங்கிலீஷு, எங்க கம்ப்யூட்டரு?"

முன்னது பெருமை, பின்னது தாழ்வு மனப்பான்மை என்றுதான் எல்லோரும் பிரித்துப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே பேச்சு. வருவது ரத்தத்திலேயே வந்துவிட்டது, வராதது இனி எப்போதும் வராது. இந்த நினைப்பு ஒருவரைக் கெடுப்பதற்கு அது இகழ்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. புகழ்ச்சியாக வந்தால் இன்னும் சுத்தமாகக் கெடுக்கும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தச் செட்டியார் கணக்கு. நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. மூட்டை தூக்கின பக்கம். ஆனால் அவர்கள் கணக்கு எப்படி வந்தது என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. ஊரில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைக் காலையும் மாலையும் கூட்டமாகச் சொல்ல வைத்தார்கள். ஓரொண்ணு ஒண்ணு மட்டும் இல்லை, கீழ்வாயிலக்கமும் சேர்த்து. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு, மா 20-ல் ஒரு பங்கு, மாகாணி 16-ல் ஒரு பங்கு. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கி, கூட்டி, மனசுக்குள்ளேயே விடை சொல்ல வேண்டும். அப்புறம் கடைக்கு அனுப்புவார்கள். அங்கே முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகுதான் மேலாள். முதலாளி கடலுக்கு அந்தப் பக்கம் செட்டிநாட்டில் இருப்பார். கடையின் ஐந்தொகை அவருக்குப் போகும். தப்பு இருந்தால் தப்பாது.

1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது இந்த நாட்டில் 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அத்தனை கடையிலும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து, தப்புப் போட்டு, திட்டு வாங்கி, திருத்திக்கொண்டிருந்தான். ரத்தம் என்று நாம் சொல்வது அந்தப் பையனுடைய உழைப்பை. அவன் உழைத்ததை மறந்துவிட்டு ரத்தத்துக்குப் பேர் கொடுத்துவிட்டோம்.

இதெல்லாம் ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், சென்னையில் இருக்கும் என் சித்தி மகன் வாரத்துக்கு ஒரு காணொளி அனுப்புகிறான். வளர்ச்சி மனப்பான்மையாம், அதாவது திறமை பிறவியிலேயே முடிந்துபோவதில்லை, பழகப் பழக வளரும் என்கிற நினைப்பு. மேடையில் ஒருவர் இங்கிருந்து அங்கே நடந்துகொண்டே "உன்னால் முடியும் என்று நம்பு, முடிந்துவிடும்" என்கிறார். கீழே கைதட்டல். எனக்கு இந்த மாதிரிப் பேச்சில் ஒரு ஒவ்வாமை உண்டு. நம்பினால் முடியும் என்றால் எங்கள் பருப்புச் சந்தையில் இந்நேரம் எல்லோரும் கோடீஸ்வரர்களாக இருக்க வேண்டும். நம்பிக்கைக்கு இங்கே பஞ்சமே இல்லை. மின்சாரத்துக்குத்தான் பஞ்சம்.

ஆனால் அந்தக் கருத்தைக் கிளப்பிய ஆராய்ச்சியைத் தேடிப் படித்தபோது, மேடைப் பேச்சுக்கும் அதற்கும் தூரம் அதிகம் என்று தெரிந்தது. கேரல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளர். அவரும் கிளாடியா மியூலரும் சேர்ந்து 1998-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு நேராக எங்கள் சரக்குக் கிட்டங்கியை ஞாபகப்படுத்தியது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்தார்கள். முதல் சுற்று சுமாரான கஷ்டம். எல்லோரிடமும் நன்றாகச் செய்ததாகச் சொன்னார்கள். ஒரு பிரிவிடம் மட்டும் கூடவே "நீ புத்திசாலி" என்றார்கள், இன்னொரு பிரிவிடம் "நல்லா முயற்சி பண்ணியிருக்கே" என்றார்கள். ஒரே ஒரு வாக்கிய வித்தியாசம். அடுத்த சுற்றில் கடினமான புதிர்கள், எல்லோரும் திணறினார்கள். மூன்றாவது சுற்று மறுபடியும் முதல் சுற்று மாதிரியே. புத்திசாலி என்று பெயர் வாங்கின பிள்ளைகள் தங்கள் முதல் சுற்றைவிடக் குறைவாக எடுத்தார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கினவர்கள் கூடுதலாக எடுத்தார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது இதுகூட இல்லை, கடைசிப் பகுதி. வேறொரு பள்ளியில் இருக்கும் முகம் தெரியாத பிள்ளைக்கு, எத்தனை மதிப்பெண் எடுத்தாய் என்று எழுதச் சொன்னார்கள். புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் ஏறக்குறைய எட்டில் ஒருவர்தான். யாரென்றே தெரியாத ஒருவரிடம், அதுவும் ஒரு புதிருக்காகப் பொய்! புகழ்ச்சி அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி ஆக்கவில்லை. தராசுக்குப் பயப்பட வைத்தது.

தராசுக்குப் பயப்படுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சரக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன்.

யங்கூனில் பருப்பு வியாபாரம் என்றால் பயின்னாங் மொத்தச் சந்தைதான். பெகு பக்கமிருந்தும் ஐராவதிப் பக்கமிருந்தும் உளுந்து வரும். மழைக்கால நெல் அறுத்த வயலில் விதைத்து மாசி, பங்குனியில் எடுப்பது. துவரை அதற்கு முன்னாலேயே, மாக்வே, மாண்டலே, சகாயிங் என்று வறண்ட பக்கத்திலிருந்து இறங்கத் தொடங்கிவிடும். இங்கே டன்னுக்கு இத்தனை கியாட் என்று பேசி வாங்கி, டன்னுக்கு இத்தனை டாலர் என்று பேசி அனுப்ப வேண்டும். சென்னையில் காலையில் நீங்கள் தின்ற இட்லியில் எங்கள் ஊர் உளுந்து இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஏற்றுமதியில் உளுந்து இரண்டு தரம்: எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்). இரண்டாவது பருமன், பார்வை, விலை எல்லாவற்றிலும் ஒரு படி மேல். லாரியில் வந்து நிற்கிற சரக்கு எதில் சேரும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை.

சொல்வது எப்படி என்றால், குத்தூசியால் மேல் மூட்டை, நடு மூட்டை, அடி மூட்டை என்று மாறி மாறிக் குத்தி எடுத்து, ஒரு தாளில் கொட்டிக் கலக்க வேண்டும். குவித்து நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள வேண்டும். மறுபடி கலக்கி, மறுபடி நாலு. கடைசியில் தட்டில் 100 கிராம் நிற்கும். அதில் சொத்தை, சூம்பல், உடைசல், மண்ணும் கல்லும், வேற பருப்பு என்று தனித்தனியாகப் பிரித்து எடை போட வேண்டும். 100 கிராமில் 3 கிராம் சொத்தை என்றால் 3 சதவீதம். வேறு கணக்கே வேண்டாம்.

இதைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் சந்தையில் ரொம்பக் கம்மி. ஏனென்றால் இங்கே பெரிய ஆள் என்று பெயர் எடுப்பவர், தட்டில் பரப்பாமல், கையில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, "நாலு பர்சென்ட் தள்ளு" என்று சொல்கிறவர். அதற்குப் பெயர் கை ராசி. "அவர் கண்ணு பாத்தா போதும், தராசே வேணாம்" என்பார்கள். அப்படி ஒருவர் எங்களுடன் இருக்கிறார். எனக்கு மாமா முறை, வேலை கற்றுக்கொடுத்தவர், நல்ல மனுஷர். முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம். ஆனால் அவர் சொன்ன சரக்கைத் தட்டில் போட்டு எடை பார்க்க யாருக்கும் தைரியம் கிடையாது, அவர் உட்பட. எடை போட்டால் ஒன்று அவர் சரி, அதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. அல்லது தப்பு, அப்போது முப்பது வருஷப் பெயர் என்ன ஆவது? ஆகவே தராசு மூலையில் துணி மூடிக் கிடந்தது.

அனுபவம் என்பதைப் பற்றி எரிக்சன் என்கிற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். 1993-ல் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்து அவரும் கூட்டாளிகளும் எழுதியது பெரிய பேர் வாங்கியது. அதைத்தான் பிறகு பத்தாயிரம் மணி நேரம் செய்தால் யாரும் மேதை என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். அவர் சொன்னது அதுவல்ல. சும்மா திரும்பத் திரும்பச் செய்வது பயிற்சி ஆகாது. எங்கே பிசகுகிறது என்று உடனே தெரிய வேண்டும், அந்த இடத்தைக் குறிவைத்துத் திருத்த வேண்டும். இல்லையென்றால் முப்பது வருஷம் என்பது ஒரே வருஷத்தை முப்பது தடவை செய்தது.

இப்போது தம்பி கதைக்கு வருகிறேன். உறவில் தம்பி இல்லை, வேலையில் சேர்ந்த பையன். மெட்ரிக் தேர்வில் மார்க் போதாமல் கேட்ட படிப்பு கிடைக்காதவன். இந்த நாட்டில் மெட்ரிக் மார்க்தான் எந்தப் படிப்பு என்பதைத் தீர்மானிக்கிறது. பள்ளி முடிகிற வயசில் ஒரு எண்ணை நெற்றியில் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். வந்த புதிதில் எது சொல்லிக்கொடுத்தாலும் "எனக்கு மண்டையில ஏறாதுண்ணே" என்பான். மாமாவைப் பார்த்து மலைத்துப்போய், "அவருக்கு கை ராசி இருக்கு, எனக்கு இல்ல" என்றும் சொல்லுவான்.

அவனிடம் உன்னால் முடியும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனும் தலையாட்டியிருப்பான், அதோடு முடிந்திருக்கும். ஒரு அரைக்குயர் நோட்டு வாங்கிக் கொடுத்தேன். கோடு போட்டு இரண்டு பத்தி. தட்டைப் பார்த்ததும் சொத்தை எத்தனை கிராம் இருக்கும் என்று நினைக்கிறாயோ அதை முதல் பத்தியில் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது. அதற்கப்புறம் பிரித்து, எடை போட்டு, இரண்டாவது பத்தியில் எழுத வேண்டும். அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், முதலாளியிடமும் காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்த வாக்குத்தான் முக்கியம். அது இல்லாமல் போயிருந்தால் இரண்டு பத்தியும் ஒரே எண்ணாக அழகாக வந்திருக்கும்.

ஆரம்பத்தில் அவன் எழுதியது எல்லாம் கண்டபடி இருந்தது. ஒரு பருவம் போன பிறகு உட்கார்ந்து புரட்டிப் பார்த்தோம். அப்போது ஒன்று தெரிந்தது. புது வரத்துச் சரக்கில் அவன் கணிப்பு ஏறக்குறைய சரியாக இருந்தது. மழைக்காலம் தாண்டிக் கிட்டங்கியில் கிடந்த பழைய சரக்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் சொத்தையைக் குறைத்தே எழுதியிருந்தான். கண்டபடி தப்பில்லை, ஒரே திசையில் தப்பு. ஏன் என்று தட்டை வைத்துக்கொண்டு பார்த்தோம். வண்டு துளைத்த ஓட்டை உளுந்தில் ஒரு பக்கம்தான் இருக்கும், குண்டூசித் தலை அளவு. ஓட்டை கீழ்ப்பக்கம் போய்விட்டால் மேலே அது நல்ல உளுந்துதான், கறுப்பாக, மினுமினுப்பாக. புதுச் சரக்கில் வண்டே குறைவு, அதனால் பரவாயில்லை. பழையதில் பாதிச் சொத்தை குப்புறப் படுத்துக்கொண்டு ஏமாற்றுகிறது. அன்றிலிருந்து எழுதுவதற்கு முன் தட்டை ஒரு தடவை குலுக்கிவிட்டு மறுபடி பார்க்கிறான். இப்போது பழைய சரக்கிலும் அவன் முதல் பத்தியும் இரண்டாவது பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன.

இந்தக் குப்புற விஷயம் மாமாவுக்குத் தெரியாதா என்று கேட்டால், கைக்குத் தெரிந்திருக்கலாம். உருட்டிப் பார்க்கிறாரே, அதனால்தானோ என்னவோ. ஆனால் அதை வாயால் சொல்லித்தர அவருக்குத் தெரியவில்லை. கை ராசி என்று ஊர் பெயர் வைத்துவிட்ட பிறகு யார் அவரிடம் எப்படி என்று கேட்டார்கள்?

ஆக என் கட்சி இதுதான். வளர்கிற மனசு என்பது தலைக்குள் ஏற்றுகிற சாமான் இல்லை. ஒருவர் தப்பான எண்ணைத் தைரியமாக எழுதக்கூடிய இடம் ஒன்று இருக்கிறதா, எழுதிய பிறகு உண்மையான எண் பக்கத்திலேயே கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தை அமைப்பது கற்றுக்கொள்கிறவன் வேலை இல்லை, மேலே இருக்கிறவர்கள் வேலை. மேடைப் பேச்சாளர்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் கைதட்ட வேண்டியவர்கள் முதலாளிகளும் வாத்தியார்களும் ஆகிவிடுவார்கள், அவர்கள் கைதட்ட மாட்டார்கள்.

ஆராய்ச்சியும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. 2018-ல் முந்தைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், இந்த மனப்பான்மைப் பயிற்சியின் பலன் மொத்தத்தில் மிகச் சிறியது என்றார்கள். 2019-ல் நேச்சர் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 65 பள்ளிகள், ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், இணையத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம். படிப்பில் பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண் சராசரி, அவர்கள் ஊர் தரப்புள்ளிக் கணக்கில், 0.1 புள்ளி உயர்ந்தது. சின்ன எண்தான். ஒரு மணி நேரத்துக்கு அது மோசமில்லை என்றும் சொல்லலாம். கவனிக்க வேண்டியது வேறு: கஷ்டமான கணக்கைத் தேடி எடுப்பது கூடப் படிக்கிறவர்களிடமும் சகஜமாக இருந்த பள்ளிகளில்தான் பலன் நின்றது. கஷ்டத்தை எடுத்தால் சிரிக்கிற கூட்டத்தில், தனி ஒருவன் மனசை மட்டும் மாற்றி என்ன செய்ய? டுவெக்கே 2015 வாக்கில் போலி வளர்ச்சி மனப்பான்மை என்று ஒன்றை எச்சரித்து எழுதினார். பிள்ளை எதுவும் கற்கவில்லை என்றாலும் "முயற்சி பண்ணினாயே, போதும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதைத்தான் அப்படிச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் மேடையில் நடக்கிறவன் ஆகிவிடுவேன். முயற்சிக்கு எட்டாத சங்கதிகள் உண்டு. 2017 ஆகஸ்ட்டில் இந்தியா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. ஒரு வருஷத்துக்குத் துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன், அதற்கு மேல் கிடையாது என்று. இங்கே விலை சரிந்தது. பெகு பக்கத்துச் சம்சாரி எந்த மனப்பான்மையோடு விதைத்திருந்தாலும் அந்த வருஷம் அவனுக்குக் கிடைத்தது ஒன்றுதான். டில்லியில் ஒரு கையெழுத்து, இங்கே வயலில் நஷ்டம். அவனிடம் போய் தோல்வியிலிருந்து கற்றுக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் கட்டுப்பாடு எனக்குத் தந்த வேலை வேறு மாதிரியானது. அதுவரைக்கும் டில்லியிலிருந்து அறிவிக்கை வந்தால் சென்னைத் தரகருக்குப் போன் போட்டு "என்னண்ணே சொல்றாங்க?" என்று கேட்போம். அவர் சொன்னதுதான் சட்டம். அவர் தனக்குத் தோதாகச் சொல்வாரா, உள்ளபடி சொல்வாரா என்று யார் கண்டது? நானே படிப்பது என்று இறங்கினேன். நாற்பதைத் தாண்டின வயசு. நான் படித்ததெல்லாம் பர்மிய மொழியில். தமிழ் எழுத்தே கோயில் வகுப்பில் வந்தது. ஆங்கிலம் என்றால் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது.

ஆங்கிலம் படிக்கிறேன் என்று நான் கிளம்பவில்லை. அது கடல். அறிவிக்கையைப் படிக்கிறேன் என்றுதான் கிளம்பினேன். அது கிணறு அளவுதான், இறங்கிப் பார்த்தால் தெரியும். திரும்பத் திரும்ப அதே சொற்கள். ஒரு சரக்கு பெரும்பாலும் மூன்று நிலையில் ஒன்றில் இருக்கும்: ஃப்ரீ (தடையில்லை), ரெஸ்ட்ரிக்டட் (கட்டுப்பாடு உண்டு), ப்ரொஹிபிட்டட் (கூடவே கூடாது). எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள், எந்தத் தேதியிலிருந்து, எதுவரை. மற்றதெல்லாம் சடங்கு வாசகம். பழைய அறிவிக்கைகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, படித்ததும் எனக்குப் புரிந்ததைத் தமிழில் ஓரத்தில் எழுதிவிட்டு, அப்புறம் தரகரிடம் கேட்டு ஒப்பிட்டேன். தம்பியின் நோட்டில் இருக்கும் அதே இரண்டு பத்திதான்.

2021 மே மாதம் உளுந்தையும் துவரையையும் மறுபடி ஃப்ரீ ஆக்கினார்கள். அதில் இரண்டு தேதிகள். அக்டோபர் 31-க்குள் தேதியிட்ட கப்பல் ரசீது இருக்க வேண்டும். நவம்பர் 30-க்கு மேல் சுங்கத்தில் அந்தச் சரக்கை விட மாட்டார்கள். அவசரமாகப் படிக்கிறவருக்கு முதல் தேதிதான் கண்ணில் படும். ரசீது 31-ஆம் தேதி வாங்கிவிட்டால் பிழைத்தோம் என்று நினைப்பார். கப்பல் வழியில் ஏதாவது துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நின்றால்? எனவே எங்களுக்கு உண்மையான கடைசி நாள் அக்டோபர் 31 அல்ல, அதற்கும் முன்னால். இதைத் தரகர் சொல்வதற்கு முன்பே நான் அலுவலகத்தில் சொன்னேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் அது போலி அடக்கம்.

இந்த ஊரே ஒரு சமயம் இப்படிப் புதிதாகக் கற்றுக்கொண்டது, அதையும் எழுதிவிடுகிறேன். பர்மிய எழுத்துக்கு வருஷக்கணக்கில் எல்லோரும் ஜௌஜி என்ற எழுத்துருவில் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2019 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து யூனிகோடு என்று அரசே நாள் குறித்தது. எங்கள் அலுவலகத்துக் கணக்கு அக்கா பர்மியப் பெண்மணி. "இந்த வயசுல என் விரல் மாறாது" என்று கோபித்துக்கொண்டார். மாறிவிட்டது. இப்போது பழைய கோப்பைத் திறந்து எழுத்து உடைந்து தெரிந்தால் எங்களைத்தான் திட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அறுபதுகளில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் போனதற்குப் பிறகு இங்கே தமிழ் எழுத்து பிழைத்திருப்பது இந்த மாதிரிக் கோயில் மண்டபங்களில்தான். வருகிற பிள்ளைகள் வாரம் பூராவும் பர்மியப் பள்ளியில் வாத்தியார் சொல்லச் சொல்லக் கூட்டமாகத் திருப்பிச் சொல்லிப் பழகியவர்கள். தனியாக வாயைத் திறக்கப் பயம். கூட்டத்தில் யார் தப்பு என்று தெரியாது, அது ஒரு பாதுகாப்பு.

அங்கே எனக்குப் பெரிய தொல்லை பிள்ளைகள் இல்லை, மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள். ஒரு சின்னப்பெண் ஆத்திசூடியில் நாலு வரி சொல்லிவிட்டால் போதும், "அடி என் ராசாத்தி, என்ன மூளை, அப்படியே அவ தாத்தன் மூளை" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார்கள். அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்குப் புதுப் பாட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்கிறது, ஆத்திசூடியே சொல்கிறேன் என்கிறது. தாத்தன் மூளையைப் பணயம் வைக்க அதற்கு மனசில்லை. பாட்டிகளிடம் அமெரிக்க ஆய்வை விளக்கினால் அடிக்க வருவார்கள். ஆகவே வேறு வழி செய்தேன். எழுத்து எழுதும் பிள்ளை பாட்டியிடம் போய், "இதுல எந்த எழுத்து நல்லா வந்திருக்கு, எது கோணலா இருக்கு?" என்று கேட்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டிகள் குஷியாகிவிட்டார்கள். "இந்த 'ழ' நல்லாருக்கு. இங்க பாரு, 'ணை'யில கொம்பு சறுக்குது" என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள். ராசாத்தி இன்னும் உண்டு. கூடவே சறுக்கின கொம்பும் உண்டு. படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர், பேத்தியிடம் 'அ' எழுதக் கேட்டுக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். அவருக்கு வயசு எழுபதுக்கு மேல்.

சந்தையில் நிலைமை இவ்வளவு சுமுகமாக இல்லை. தம்பியின் நோட்டைப் பற்றி முதலாளி காதுக்கு எப்படியோ போய்விட்டது. ஆச்சரியம், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்ததுதான் தொந்தரவு. எல்லாப் பையன்களுக்கும் நோட்டுக் கொடு, வாரா வாரம் யார் கணிப்பு எடைக்குக் கிட்டத்தில் வந்தது என்று சுவரில் பட்டியல் ஒட்டு, முதலில் வருகிறவனுக்குப் பணம், கடைசியில் வருகிறவனுக்குக் கூலியில் பிடித்தம் என்கிறார். அப்படிச் செய்தால் முதல் வாரமே பையன்கள் எடை போட்டுவிட்டு அப்புறம் முதல் பத்தியை எழுத ஆரம்பிப்பார்கள் என்று சொன்னேன். "நம்ம பசங்க அப்படிப் பண்ணுவானுங்களா?" என்றார். நிச்சயம் பண்ணுவார்கள், நானும் பண்ணுவேன் என்றேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பட்டியல் யோசனையை அவரும் எதிர்த்தார், காரணம் வேறாக இருக்கலாம். திஞ்சான் என்கிற பர்மியப் புத்தாண்டு விடுமுறைக்குச் சந்தை மூடுவதற்குள் முடிவு சொல்கிறேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் நோட்டு என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது, சாவி தம்பியிடம்.